அறை உங்களுக்குத்தான் சின்னம்மா

உடையார்கட்டு,
முல்லைத்தீவு மாவட்டம்.

எங்கள் ஊரின் பெறாமக்களுக்கும் மருமக்களுக்கும் பிள்ளைகளுக்கும்,



பரந்தன் முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவில் பஸ் ஏறி, புதுக்குடியிருப்பில் இறங்கும்வரை யன்னலோரம் இருந்து வீடுகளைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். அத்திவாரத்தோடு நின்ற வீடு, யன்னல் மட்டத்தோடு நின்ற வீடு, கூரை ஏறியும் பூச்சுக் காணாத வீடு, பூச்சுக் கண்டும் கதவுக்குப் பதிலாகத் தகரம் சாத்திய வீடு. எந்த மாதம் காசு முடிந்ததோ அந்த மாதத்தில் சுவர் நின்றிருக்கிறது. அந்த வீட்டுக்காரரில் நிறையப் பேர் என்னிடம் படித்தவர்கள். இப்போது உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். உங்கள் வீட்டில் பென்சனுக்குப் போகப்போகிற ஒருவர் இருப்பார். அப்பாவாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், என்னைப் போலக் கலியாணம் கட்டாத ஒரு சின்னம்மாவாகவும் இருக்கலாம். அவருடைய காசு வந்தால் யன்னல் மட்டத்துச் சுவர் கூரை மட்டத்துக்கு ஏறும் என்ற எண்ணம் உங்களுக்கு ஓடாமல் இருக்காது.

ஓடட்டும். அதில் பிழையில்லை. அந்தக் காசை வாங்காதீர்கள் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நானே கொடுத்தவள். கொடுத்த பிறகு நடந்ததைச் சொல்லி, வாங்கப்போகிற உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன காசு என்று சொல்லிவிடுகிறேன்.

2009 ஜனவரியில், கடைசிப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அரசாங்கம் எங்கள் ஊரைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் எங்கும் சனம் வந்து குவிந்தது. உடையார்கட்டுப் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாக மாறியது. நாங்கள் கரும்பலகைக்கு முன்னால் நின்ற இடத்தில் காயக்காரரைக் கிடத்தினார்கள். அந்த வலயத்துக்குள்ளேயே ஷெல் விழுந்தது. பிறகு தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்து, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே போய் இருந்தோம். அப்போது உங்களில் சிலர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். வழியில் எதை எதை விட்டுவிட்டு வந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாடு போனது. உழவு மெசின் போனது. அக்காவின் தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் போனது. அப்பா கட்டின கல்வீடு போனது.

முகாமில் இருந்தபோதுதான் ஒரு விசயம் எனக்கு உறைத்தது. எல்லாம் போனது, ஆனால் என் சம்பளம் போகவில்லை. பென்சன் உரித்தும் போகவில்லை. அந்தக் கணக்கு ஊருக்கு வெளியே, எங்கோ ஒரு கந்தோரில், ஒரு கோவைக்குள் இருந்தது. ஷெல்லுக்கு அது எட்டவில்லை. வன்னியில் எங்கள் தலைமுறை சேர்த்தவற்றில் குண்டு படாமல் மிஞ்சிய சேமிப்பு அது ஒன்றுதான்.

ஆகவே பிள்ளைகளே, வீட்டை நாங்கள் பல தரம் இழந்திருக்கிறோம். பென்சனை ஒரு தரமும் இழந்ததில்லை. இழக்காத அதை எடுத்து, இழந்து பழகிய ஒன்றுக்குள் சீமெந்தாகப் போடும்போது அந்த மனிசருக்குள் என்ன ஓடும் என்று ஒரு நிமிசம் நினைத்துப் பாருங்கள். வாய் திறந்து அவர் சொல்ல மாட்டார்.

மீளக்குடியேறியபோது இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வடக்கு, கிழக்கு, மலையகம் சேர்த்து 50,000 வீடுகள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, வேலை நகர நகரக் கட்டம் கட்டமாகக் கணக்கில் விழும். அக்கா குடும்பத்துக்கு அந்த வீடு கிடைத்தது. தனி ஆட்களுக்குப் புள்ளி குறைவு என்றார்கள். நான் விண்ணப்பிக்கவும் இல்லை. கைக்குழந்தையோடு தகரக் கொட்டிலுக்குள் இருந்தவளுக்கு முன்னால் போய் வரிசையில் நிற்க மனம் வரவில்லை. அக்கா வீட்டு விறாந்தையில் ஒரு கட்டிலும் கொப்பி திருத்த ஒரு மேசையும் போட இடம் இருந்தது. சம்பளமும் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

அறுபத்தைந்து வயது வரை படிப்பிக்கலாம் என்று முதலில் ஒரு அறிவிப்பு வந்தது. பிறகு அது அறுபதாகக் குறைந்தது. 2022 டிசம்பர் 31 ஆம் திகதி, அறுபது தாண்டிய அரச ஊழியர் நிறையப் பேர் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம். எனக்கு அப்போது அறுபத்தொன்று. நாடு இருந்த நிலை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். 2021 இல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கின சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டி நின்றது. மூத்த பிரசைகளின் நிலையான வைப்புக்கு 15 வீத வட்டி கொடுத்த திட்டமும் அந்த ஒக்ரோபரில் நிறுத்தப்பட்டது. ஓய்வு பெறும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடையில் பத்து லட்சத்துக்குக் கிட்ட வரும், அதை 15 வீதத்துக்குப் போட்டால் மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு வரும், பென்சனோடு சேர்த்துச் சீவிக்கலாம் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பல வருடமாக நான் போட்டு வைத்திருந்த கணக்கு, நான் ஓய்வு பெற முதலே செத்துவிட்டது.

பணிக்கொடைக் காசு பிந்தித்தான் வந்தது. வந்த கிழமை நல்ல மழை.

அக்காவின் மகள், என் பெறாமகள், அக்காவின் வளவுக்குள்ளேயே ஒரு வீடு தொடங்கியிருந்தாள். அவளுக்குக் கிடைத்த வீட்டுத்திட்டம் ஒன்று முதற்கட்டக் காசோடு நின்றுபோனது. யன்னல் மட்டத்தில் சுவர், மேலே தறப்பாள், உள்ளே இரண்டு பிள்ளைகள். அன்று இரவு சின்னவன் நனைந்துகொண்டு என் கட்டிலுக்கு ஓடிவந்தான். விடிய அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு நின்றாள்.

“சின்னம்மா, உங்களிட்ட நான் கேக்கமாட்டன்.”

“நீ கேக்க வேண்டாம். நான் தாறன்.”

இவ்வளவுதான் நடந்த பேச்சு. எங்கள் வீடுகளில் இந்தக் காசை ஆரும் கேட்டு வாங்குவதில்லை. கண்ணுக்கு முன்னால் சுவர் நிற்கும், மழை வரும், பிள்ளை நனையும். கேள்வியை மழையே கேட்டுவிடும். நான் எட்டு லட்சம் கொடுத்தேன். அவள் அழுதாள். பிறகு மேசனோடு நின்று நூல் பிடித்தபோது தெற்குப் பக்கத்தைக் காட்டிச் சொன்னாள்:

“இந்த அறை உங்களுக்குத்தான் சின்னம்மா. குளத்துக் காத்து வரும்.”

சொன்னபடி அறை வைத்தாள். குடிபூரல் அன்று என் கட்டிலையும் மேசையையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். எட்டு மாதம் அந்த அறையில் இருந்தேன். உண்மையில் குளத்துக் காத்து வந்தது. பிறகு மருமகனின் தாயாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மலகூடத்தோடு சேர்ந்த அறை அந்த வீட்டில் ஒன்றுதான். “இரண்டு கிழமைக்கு” என்று சொல்லி நானே கட்டிலை விட்டுக் கொடுத்தேன். என் மேசை திரும்ப அக்காவின் விறாந்தைக்கு வந்தது. இரண்டு கிழமை பிறகு ஒரு வருடமானது. இதில் ஆரைப் பிழை சொல்வது? நோயாளி மனிசியை விறாந்தையில் கிடத்தச் சொல்ல எனக்கு வாய் வருமா? ஒருத்தரும் என்னை ஏமாற்றவில்லை. ஒருத்தரும் வாக்கு மீறவில்லை. அறை மட்டும் இல்லாமல் போனது.

அந்த வருடம் எனக்குக் கண்புரை. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் கண்ணுக்கு வைக்கும் வில்லையை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். அதன் விலை என் ஒரு மாதப் பென்சனை விடக் கூட. பெறாமகளிடம் கேட்கலாம் என்று இரண்டு தரம் அவள் வாசல்வரை போனேன். இரண்டு தரமும் சீனி கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏன் கேட்க முடியவில்லை என்று பிறகு யோசித்தேன். அவள் தரமாட்டாள் என்ற பயம் எனக்கு இல்லை. எதைச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. கொடுத்தபோது கடன் என்று நான் சொல்லவில்லை. அன்பளிப்பு என்றும் சொல்லவில்லை. அறைக்கான விலை என்று அவளும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்று கழிய முதல் பெயர் வைத்துவிடுவோம். இந்த எட்டு லட்சத்துக்கு இரண்டு வருடமாக ஒரு பெயர் வைக்கவில்லை. பெயரில்லாத ஒன்றை எப்படிக் கூப்பிடுவது?

என்னிடம் படித்த ஒருவர் இன்று சட்டத்தரணி. ஆருடைய கதை என்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். நீங்களும் கேட்டு வையுங்கள்.

இலங்கையில் காணி, வீடு சம்பந்தமான உரித்தை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு இருந்தால்தான் செல்லும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. “அறை உங்களுக்குத்தான் சின்னம்மா” என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தின் முன் ஒரு பெறுமதியும் இல்லை, அதை எவ்வளவு மனசாரச் சொல்லியிருந்தாலும். கடன் என்று வாதாடப் போனாலும், எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப்போட மூன்று வருடம்தான் தவணை. எழுத்தில் இருந்தால் ஆறு வருடம்.

உறுதிக் காணியாக இருந்தால் ஒரு வழி உண்டு. எங்கள் பெரியவர்கள் பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தங்களுக்குச் சீவிய உருத்து வைத்து எழுதுவார்கள். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அனுபவிக்கவும் உரிமை, அதற்குப் பிறகு முழுவதும் பிள்ளைக்கு. ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனை பேரிடம் உறுதிக் காணி இருக்கிறது? பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிற் காணி. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. பெர்மிற்காரருக்குப் பிறகு அவருடைய துணைவருக்கோ பின்னுரித்தாளியாகப் பெயர் பதிந்தவருக்கோ காணி போகும். ஆர் காசில் ஆர் சுவர் எழுப்பினாலும் சுவர் காணியோடு போகும். அக்காவின் பெர்மிற்றில் பெறாமகளின் வீடு, அதற்குள் என் எட்டு லட்சம். கடதாசியில் தேடினால் நான் அந்த வளவில் எங்கும் இல்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றாரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்கிறது. கைவிட்டால் பராமரிப்புக் கேட்டுச் சபைக்குப் போகலாம். அது பெற்றாருக்கு. சின்னம்மா, பெரியம்மா, மாமி, சித்தப்பாவுக்கு அந்தக் கதவு இல்லை. உங்களைத் தூக்கி வளர்த்து, பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்து, பிறகு பணிக்கொடையையும் தந்த அத்தனை கலியாணம் கட்டாத மனிசரும் சட்டத்தின் கண்ணுக்கு உங்களுக்குப் பிறத்தியார்.

பென்சன்காரி என்ற வகையில் நான் இன்னும் தப்பியவள். பணிக்கொடை போனாலும் மாதாமாதம் பென்சன் வருகிறது. ஊழியர் சேமலாப நிதிக்காரரின் நிலை வேறு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில், தனியார் கடையில், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் உங்கள் அப்பாமார், அக்காமாருக்கு அதுதான். ஈபிஎவ் என்று சொல்வோமே, அது. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈரிஎவ்வுக்கு இன்னுமொரு 3 வீதம். ஆணுக்கு 55 இல், பெண்ணுக்கு 50 இல் முழுவதையும் எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்பிள்ளைகள் அதற்கு முதலே எடுக்கலாம். எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் ஐந்தாறு வருட உழைப்பு அப்படி ஒரே காசோலையாக வந்து, அந்த மாதமே அத்திவாரத்துக்குள் போயிருக்கிறது.

எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், பென்சன் கிணறு, ஈபிஎவ் குளம். கிணறு இறைத்தாலும் விடிய ஊறியிருக்கும். குளத்துக்கு மாரி வர வேண்டும். உடையார்கட்டுக் குளத்தின் துருசை ஒரு போகத்துக்கு முழுவதும் திறந்துவிட்டால் அடுத்த மாரியில் திரும்ப நிரம்பும் என்று நம்பலாம். அறுபது வயது மனிசருக்கு அடுத்த மாரி இல்லை. அவருடைய துருசு ஒரு தரம்தான் திறக்கும்.

வேலையில் இருக்கும்போதே அந்தக் குளத்தில் கை வைக்கவும் வழிகள் இருக்கின்றன. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ மீதியில் 30 வீதம், கூடியது இருபது லட்சம் வரை எடுக்கலாம். அது 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. இன்னொன்று, மீதியில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் எடுப்பது. இதில்தான் கனபேர் விழுகிறார்கள். பிள்ளையின் வீட்டுக்கு அப்பா தன் பெயரில் கடன் எடுப்பார். பிள்ளை கட்டுவதாகச் சொல்லி, ஒரு வருடம் கட்டி, பிறகு விளைச்சல் பிழைத்த வருடம் விட்டுவிடும். வங்கிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட மாட்டார்கள். கட்டாத தொகை அப்பாவின் சேமலாப நிதியிலிருந்து பேசாமல் கழியும். 55 இல் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அவருக்குத் தெரியும். பென்சன்காரரைக் கொண்டு பென்சன் லோன் எடுப்பிப்பதும் இதே கதைதான். ஊறுகிற கிணற்றுக்குள் அடுத்தவர் குழாய் இறக்கின மாதிரி.

கமக்காரரின் பிள்ளைகள், எங்கள் வீட்டில் பென்சனும் இல்லை ஈபிஎவ்வும் இல்லை, இது எங்களுக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கமக்காரனுக்கு வயல்தான் பென்சன். அப்பா வயலை ஈடு வைத்தோ கொடுத்தோ உங்களுக்கு வீடு கட்டித் தந்தால், இந்தக் கடிதத்தில் பணிக்கொடை என்று வரும் இடமெல்லாம் வயல் என்று வாசியுங்கள்.

கனடாவில் இருக்கும் உங்கள் மாமாமாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அங்கே முதல் வீடு வாங்குகிறவர் தன் ஓய்வுகாலச் சேமிப்பில் இருந்து காசு எடுக்க 1992 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 2024 இலிருந்து 60,000 டொலர் வரை எடுக்கலாம். ஆனால் எடுத்ததைப் பதினைந்து வருடத்துக்குள் அதே கணக்கில் திரும்பப் போட வேண்டும். ஒரு வருடத்துக்கான பங்கைப் போடாவிட்டால் அந்தத் தொகையை வருமானமாகக் கணக்கெடுத்து வரி அறவிடுவார்கள். சிங்கப்பூரிலும் அப்படித்தான், சேமநிதியில் எடுத்து வாங்கின வீட்டை விற்றால், எடுத்த காசை வட்டியோடு கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். கவனியுங்கள், அது அவரவர் சொந்தக் காசு. தன் முதுமையிடம் தானே எடுத்த காசுக்கே அங்கே தவணையும் கணக்கும் இருக்கிறது. நாங்கள் இன்னொருவரின் முதுமையில் இருந்து எடுக்கிறோம். ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

கடதாசி என்றால் எங்கள் ஆட்களுக்கு முகம் சுருங்கும். “உதென்ன, சொந்தத்துக்குள்ள எழுத்தோ?” என்பார்கள். சீதன உறுதியை நொத்தாரிசிடம் எழுதுகிறோம். கோயில் உபயக் கணக்கை எழுதுகிறோம். செத்தவீட்டு அரிசி, சீனிக் கணக்கைக் கூட ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அந்த வீட்டுக்குத் திருப்பிச் செய்கிறோம். ஒரு மனிசரின் மிச்ச ஆயுளுக்கான சோற்றுக் காசை மட்டும் எழுதாமல் வாங்குவதை ஏன் பாசம் என்கிறோம்?

இனி நான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கடதாசியைக் கொண்டுவர வேண்டியவர் வாங்குகிறவர். கொடுப்பவர் கேட்க மாட்டார். கேட்டால் உங்களை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று பயப்படுவார். நான் வாசல்வரை போய்ச் சீனியோடு திரும்பி வந்தவள், எனக்கு அது தெரியும். ஆகவே அவர் காசைக் கொடுக்கும் நாளில், அவர் கேட்க முதல், நீங்கள் ஒரு கடதாசியோடு போய் முன்னால் இருங்கள். அந்தக் காசுக்கு ஒரு பெயர் வையுங்கள். கடன் என்றால் எவ்வளவு, எப்போது, மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். வீட்டில் பங்கு என்றால் காணி உறுதிக் காணியா பெர்மிற்றா என்று பார்த்து, முடிந்தால் சீவிய உருத்தை நொத்தாரிசிடம் எழுதுங்கள். முடியாவிட்டால் முடியாது என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு வாங்குங்கள். உண்மையில் அன்பளிப்பு என்றால் அதையும் எழுதுங்கள். அன்பளிப்பு என்று தெரிந்து கொடுப்பவருக்கு, கொடுத்த புண்ணியமாவது மிஞ்சும்.

அதற்கு முதல், அவரோடு இருந்து ஒரு கணக்குப் போடுங்கள். அவருக்கு இப்போது எத்தனை வயது, மாதம் மருந்துக்கு எவ்வளவு, கண், பல்லு, முழங்கால் எல்லாம் வரப்போகிறது, அதற்கு எவ்வளவு. அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் சுவருக்கு எடுக்கலாம். மாதப் பென்சனில் கை வைக்காதீர்கள். அவர் பெயரில் லோன் எடுக்கச் சொல்லாதீர்கள், அவராக வந்து சொன்னாலும். மிச்சம் சிறிதாக இருந்தால் வீட்டைச் சிறிதாகக் கட்டுங்கள். பூச்சு இல்லாத வீட்டில் இருந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும், அதனால் ஒருவரும் சாகவில்லை.

என் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள்.

கண் வில்லைக்கு அக்காவிடம் கொஞ்சம், பழைய மாணவர் ஒருவரிடம் கொஞ்சம் வாங்கிக் கட்டினேன். அக்கா வாய் விட்டுவிட்டாள் போல. சத்திரசிகிச்சை முடிந்து கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பெறாமகள் விறாந்தைக்கு வந்தாள். கையில் பிள்ளையின் கொப்பியில் கிழித்த ஒற்றை. ஒன்றும் பேசாமல் என் மேசையில் வைத்தாள். புதுக் கண்ணால் நான் முதல் முதலில் வாசித்த எழுத்து அதுதான்.

வீட்டு வேலைக்காகச் சின்னம்மாவிடம் எட்டு லட்சம் ரூபா பெற்றுக்கொண்டேன் என்று தொடங்கியிருந்தாள். மாதம் பத்தாயிரம் வீதம் எண்பது மாதத்தில் திருப்பித் தறுவேன் என்று இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து, மருமகனின் கையெழுத்து, சாட்சிக்கு அக்காவும் பக்கத்து வீட்டு விதானையாரும். அதற்குக் கீழே ஒரு வரி பாதியில் நின்றது: “சின்னம்மாவுக்கு ஏதும் நடந்தால்”. அதற்கு மேல் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

எண்பது மாதம். முடியும்போது எனக்கு எழுபது தாண்டிவிடும். அந்தக் கடதாசி நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று நான் அந்தச் சட்டத்தரணியிடம் கேட்கவில்லை. அன்றைக்கு முதல் அவள் வாசலுக்குப் போக எனக்குச் சீனி தேவைப்படவில்லை. போய் இருந்து சம்பந்தியம்மாவுக்குச் சோறு தீத்திவிட்டு, குளத்துக் காத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

ஓய்வு பெற்றாலும் சிவப்புப் பேனை மேசையில்தான் இருக்கிறது. எடுத்து, “தறுவேன்” என்பதைச் சுழித்து, “தருவேன்” என்று திருத்தினேன். அவள் சிரித்தாள். பிறகு பாதியில் நின்ற அந்த வரியை நானே முடித்தேன். சின்னம்மாவுக்கு ஏதும் நடந்தால் மிச்சக் காசு பெறாமகளுக்கு என் அன்பளிப்பு என்று எழுதி, கையெழுத்து வைத்து, திகதியும் போட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தமிழ் படிப்பித்த சின்னம்மா ஒருத்தி.